பலெர்மோவில் சமையலறைப் பாரசீகம்

என்னைப் பலெர்மோவுக்கு இழுத்தது ஒரு பாரசீக மனுசி. அவருக்கு நான் இருப்பதே தெரியாது. தொலைபேசியில் கூப்பிட்டவள் என் தங்கை றெஜினா. பலெர்மோவில் பணக்கார வீடுகளில் வேலை செய்யும் எங்கள் ஆட்களில் அவளும் ஒருத்தி.

"அண்ணை, காம்பிலை இருக்கேக்கை ஈரான்காரனோடை சேர்ந்து அவன்ரை பாஷை பழகினனீ எல்லே?"

"ஓம். அதுக்கு இப்ப என்ன?"

"எங்கடை சிஞ்ஞோரா இத்தாலியனை மறந்து போனா."

எனக்குக் கோபம் வந்தது. வேலை முடிந்து அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றியிருந்தேன். மறப்பதற்கு அது என்ன குடையா என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கினாள். பிறகுதான் விஷயம் முழுதாக வந்தது.

சிஞ்ஞோரா என்றால் வீட்டு எசமானி. அவருடைய பெயர் சிமின். ஈரானில் அபடான் என்ற எண்ணெய் நகரத்தில் பிறந்தவர். அங்கே வேலைக்குப் போன சிசிலிக்காரப் பொறியியலாளர் ஒருவர் அவரைக் கட்டிக்கொண்டு, அறுபதுகளில் பலெர்மோவுக்குக் கூட்டிவந்தார். பிள்ளைகள் இல்லை. கணவர் செத்துவிட்டார். றெஜினா அந்த வீட்டில் தங்கி வேலை பார்த்தாள். மாரியில் சிமினுக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பியது, ஆனால் முப்பது வருடம் பேசிய இத்தாலி மொழி, கேட்டு விளங்கவும் முடியாதபடி, போய்விட்டது. பிறந்த மொழி மட்டும் மிச்சம். அதைப் புரிந்துகொள்ள அங்கே ஆளில்லை. இருந்த ஒரே ஈரான்காரக் கம்பளக்கடைக்காரனும் கடையைப் பூட்டிவிட்டு மிலானுக்குப் போய்விட்டானாம்.

இப்போது கணவரின் தம்பி மகன் சாந்த்ரோ, அவரை மலைப்பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறான். அவர் போனால் றெஜினாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அவளுடைய பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, கோடையில் புதுப்பிக்கப்படாது.

"அவ போக விரும்புறாவோ இல்லையோ எண்டு ஒருக்கா கேட்டுச் சொல்லண்ணை. விரும்பினால் போகட்டும். நான் மறிக்கேல்லை. ஆனால் கேக்காமல் கொண்டுபோகக் கூடாது."

அதற்காகத்தான் ஜேர்மனியிலிருந்து ரயில் ஏறினேன். எங்கள் தொழிற்சாலைச் சமையலறையில் லீவு கேட்டதற்கு அதிகாரி முகத்தைச் சுளித்தான். நானும் சுளித்தேன்.

பலெர்மோ நிலையத்தில் இறங்கி பஸ் எடுத்தேன். நாலு தரிப்பிடம் தாண்டியதும் பஸ் நின்றது. யாரோ ஒரு சின்னக் காரை வீதிக்குக் குறுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தான். சாரதி ஹோர்ன் அடித்தான். பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். சாரதி இறங்கிப்போய்க் கோப்பி குடித்தான். கடைசியில் ஒரு தடியன் என் தோளில் தட்டி, வா என்று கையால் காட்டினான். நானும் வேறு ஆட்களும் சேர்ந்து அந்தக் காரைத் தூக்கி ஓரத்தில் வைத்தோம். காருக்குள் ஒரு நாய் இருந்தது. அது எங்களைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை. அதற்குப் பழக்கம் போல.

றெஜினா அப்போதெல்லாம் வாரத்தில் ஒரு நாள்தான் தன் வீட்டுக்கு வருவாள். போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு மேலே மூன்றாம் மாடி. அவளுடைய கணவன் அன்ரன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். வாசலில் வைத்தே என் கையில் சூடான பாண் ஒன்றைத் திணித்தான். நடுவில் கடலைமாவில் பொரித்த தட்டை. அதற்குப் பனெல்லே என்று பெயர்.

"சாப்பிடு மச்சான். எங்கடை கடலை வடையைத் தட்டையாக்கிப் பாணுக்கை வைச்சிருக்கிறாங்கள். செத்தல் மிளகாய்தான் இல்லை."

நல்ல ருசி. அதைச் சொல்லாமல் தின்றேன்.

இங்கே பெஹ்ரூஸைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் ஷிராஸ் நகரத்தவன். எண்பதுகளில் ஜேர்மன் அகதி முகாமில் எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். அவனுக்கு என் மீன் பொரியல் நாற்றம் பிடிக்காது. எனக்கு அவன் தயிருக்குள் வெள்ளரிக்காயும் காய்ந்த புதினாவும் போட்டுத் தின்பது பிடிக்காது. ஊரை நினைத்து உட்கார்ந்து அழ எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. பானை யாருடையது என்று சண்டை பிடித்தோம். சண்டை பிடிக்க மொழி வேண்டும். அவன் தமிழ் படிக்கமாட்டேன் என்றான். எனவே நான் பாரசீகம் படித்தேன்.

பிறகு பழைய சாமான் சந்தையில் ஒரு பாரசீகப் பாடப் புத்தகம் கிடைத்தது. திறந்து பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. 'போகிறேன்' என்பதற்கு அதில் 'மிரவம்' என்று இருந்தது. இவன் எனக்குச் சொல்லித்தந்தது 'மிரம்'. 'வேண்டும்' என்பதற்குப் புத்தகத்தில் 'மிகாஹம்', இவன் வாயில் 'மிகாம்'. 'சொல்கிறான்' புத்தகத்தில் 'மிகூயத்', இவனுக்கு வெறும் 'மிகெ'. 'தெரியாது' புத்தகத்தில் 'நெமிதானம்', இவனுக்கு 'நெமிதூனம்'. புத்தகத்தைக் கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். எனக்கு அழுகின பாஷையைத் தந்திருக்கிறாய் என்று கத்தினேன்.

அவன் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அது எழுதுவதற்கு. செய்தி வாசிப்பதற்கு. நீதிமன்றத்துக்கு. அப்படி நீ என்னோடு பேசினால் என்னைப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறாய் என்று நினைப்பேன்" என்றான். பிறகு கேட்டான்: "உன் மொழியில் 'போகிறேன்' எப்படி எழுதுவது?"

"போகிறேன்."

"தங்கச்சிக்குத் தொலைபேசியில் எப்படிச் சொல்லுவாய்?"

"போறன்."

கத்தியை வைத்துவிட்டு மேசையில் அடித்துச் சிரித்தான். "பார், நீங்களும் வினைச்சொல்லின் நடுவயிற்றைத் தின்றுவிட்டுத் தலையையும் வாலையும் மட்டும் மேசையில் வைக்கிறீர்கள்!"

அது உண்மைதான். 'மிரவம்' இன் வயிற்றைத் தின்றால் 'மிரம்'. 'போகிறேன்' இன் வயிற்றைத் தின்றால் 'போறன்'. அவர்கள் ஒரு படி மேலே போய் வாலையும் தின்றுவிடுவார்கள். 'அவன் போகிறான்' என்பதற்கு எழுத்தில் 'மிரவத்', வாயில் 'மிரெ'. 'ஆகும்' என்பதற்கு எழுத்தில் 'மிஷவத்', வாயில் 'மிஷெ'. பெஹ்ரூஸ் சொல்லும்போது அந்த வால் காற்றில் கரைந்துபோகும். நான் சொன்னால் கல்லுப் போல விழும். ஆனாலும் அவனுக்குப் புரிந்தது.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு இருந்தது. இரவு வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று, "காரி நதாரி?" என்று கேட்பான். நான் செய்ய ஏதும் வேலை வைத்திருக்கிறாயா என்று அர்த்தம். நானோ, இவன் மரியாதையான பயல் என்று நினைத்து, "தாரம், இருக்கிறது, அந்தக் குப்பையைக் கொண்டுபோய்ப் போடு" என்று சொல்லுவேன். ஒரு வாரம் வாய் திறக்காமல் குப்பை கொண்டுபோனான். பிறகுதான் இன்னொரு ஈரான்காரன் சொன்னான், அது விடைபெறுவதற்குக் கேட்பது, எல்லோரும் 'இல்லை' என்றுதான் பதில் சொல்லுவார்கள் என்று. பெஹ்ரூஸிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "குப்பை உண்மையிலேயே நிறைந்திருந்தது" என்றான். அவன் கனடாவுக்குப் போனான். இரண்டு தரம் தொலைபேசி எடுத்தான். பிறகு இருவருமே வீடு மாறினோம்.

சனிக்கிழமை சிமினின் வீட்டுக்குப் போனோம். பொலித்தேயாமா அரங்கத்துக்குப் பின்னால் பெரிய மாடிவீடு. கட்டிலில் முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். வலது கை மடியில் செத்துக் கிடந்தது. தலைமயிர் நேர்த்தியாக வாரியிருந்தது, றெஜினாவின் வேலை. சாந்த்ரோ நாற்பது வயதுக்காரன், கழுத்துப்பட்டியும் களைத்த முகமும். கெட்டவனாகத் தெரியவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் கோட்டுப் போட்டிருந்தேன். படித்த, வயதான அம்மாவிடம் முகாம் சமையலறைப் பாஷையைக் காட்டக்கூடாது என்று ரயிலில் முழுக்க அந்தப் பழைய புத்தகத்தை மனப்பாடம் பண்ணியிருந்தேன். வயிறு தின்னாத முழு வினைச்சொற்களாக அடுக்கினேன். மதிப்புக்குரிய அம்மையார் இவ்விடத்தில் திருப்தியுடன் வாழ்கின்றீர்களா, வேறோர் இல்லத்துக்குச் செல்ல விரும்புகின்றீர்களா, இந்த மாதிரி.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். சாந்த்ரோவைப் பார்த்தார். பிறகு மெல்ல, அதேபோல முழு முழு வினைச்சொற்களில் பதில் சொன்னார். எனக்கென்று விருப்பம் ஏதுமில்லை. சாந்த்ரோ எவ்வாறு பணிக்கின்றாரோ அவ்வாறே ஆகட்டும்.

நான் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். றெஜினா அதை இத்தாலியில் சொன்னாள். சாந்த்ரோ பெருமூச்சு விட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். வருகிற வாரமே அவரைக் கூட்டிப்போவதாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அன்ரன் கணவாய் கொண்டுவந்தான். றெஜினா கறி வைத்தாள். என்ன கோபமோ, உப்பை அள்ளிப் போட்டிருந்தாள்.

"அண்ணை, நேற்று நீ என்ன பாஷை கதைச்சனீ?"

"பாரசீகம். வேறை என்ன?"

"எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனால் எனக்கே பயமாக் கிடந்தது. இலங்கை வானொலி செய்தி வாசிக்கிற மாதிரி. அந்த மனுசி வீட்டுக்கை என்னோடை புறுபுறுக்கிறதைக் கேட்டிருக்கிறன். அது அப்பிடியில்லை. கட்டை கட்டையாய் வரும்."

"மரியாதைக்கு அப்பிடித்தான் கதைக்க வேணும்."

"எங்கடை அம்மா வருத்தமாக் கிடக்கேக்கை கோட்டுப் போட்ட ஒருத்தன் வந்து, 'தாங்கள் எவ்வாறு இருக்கின்றீர்கள்' எண்டு கேட்டால் அவ என்ன சொல்லியிருப்பா?"

அன்ரன் கறியைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "'நல்லா இருக்கிறன் ஐயா' எண்டு சொல்லிப்போட்டு, கள்ளக் காணி உறுதியோடை வந்திருக்கிறான் எண்டு எங்களைக் கூப்பிட்டிருப்பா."

நான் கணவாய்த் தட்டைத் தள்ளி வைத்தேன். நீதிமன்றத்துக்கு உள்ள பாஷை என்று பெஹ்ரூஸ் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. ஒருவன் முழு வினைச்சொல்லோடு வந்து நின்றால், ஈரான்காரர் முழு வினைச்சொல்லோடு வாசலிலேயே அவனை மறித்துவிடுவார்கள். விருப்பமில்லை, உங்கள் சித்தம், நாங்கள் உங்கள் தூசி. அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. கதவு பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதை நான் மொழிபெயர்த்திருக்கிறேன், பெரிய மொழிபெயர்ப்பாளன் போல!

திங்கட்கிழமை கோட்டைப் போடவில்லை. அன்ரனின் கம்பளிச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டேன். சந்தையில் சியாகுல்லி மந்தரின் ஒரு பை வாங்கினேன். மற்ற மந்தரின் எல்லாம் முடிந்த பிறகு வருகிற பழம், தோலைத் தொட்டாலே மணம் கையில் ஒட்டும்.

றெஜினா தேநீர் வைத்திருந்தாள். சீனிக் கட்டி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. சிமினின் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கட்டியைப் பல்லுக்கு நடுவில் வைத்துத் தேநீரை அதன் மேலாக உறிஞ்சினேன், பெஹ்ரூஸ் குடிக்கும் மாதிரி. பிறகு இன்னொரு கட்டியை அவரிடம் நீட்டினேன்.

"சாய் மிகாய்?" என்றேன். தேத்தண்ணி வேணுமோ.

வயதுக்கு மூத்த மனுசியிடம் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். 'நீ' என்று, வயிறு தின்ற வினைச்சொல்லோடு. அவருடைய இடது புருவம் மேலே போனது. அடி விழப்போகிறது என்று நினைத்தேன். பிறகு முகத்தின் பாதி சிரித்தது. மற்றப் பாதியால் முடியவில்லை.

"இந்தப் பாஷையை எந்த ரவுடியிட்டைப் படிச்சாய்?" என்றார். அவருக்கும் இப்போது வினைச்சொல்லின் வயிறு போயிருந்தது.

"ஷிராஸ்காரன் ஒருத்தனிட்டை."

"அதுதானே! ஷிராஸ்காரர் சோம்பேறியள். வாயை முழுசாய்த் திறக்கவும் பஞ்சி."

"நீங்கள் மட்டும் திறக்கிறியளோ?"

"எனக்குப் பாதி வாய்தானே இருக்கு" என்று சொல்லித் தேநீரை வாங்கிக்கொண்டார்.

அவர் பேசிய பாரசீகத்தை எங்கள் பேச்சுத் தமிழில்தான் என்னால் எழுத முடிகிறது. அச்சுத் தமிழில் எழுதினால் சனிக்கிழமை கண்ட சிமின்தான் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

சனிக்கிழமை ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீ உறுதி எழுதுற நொத்தாரிசு எண்டு நினைச்சன். சாந்த்ரோ காசு குடுத்துப் பிடிச்ச ஆள் எண்டு. வேறை என்ன சொல்லுறது? அழுது காட்டுறதோ?" தேநீரை மெல்ல விழுங்கினார். "நான் போகமாட்டன். இது என்ரை புருஷன்ரை கட்டில். இவள் சமைக்கிறது உறைப்பு, ஆனால் இவள் எனக்குத் தலை இழுத்து விடுறாள். அங்கை ஆர் இழுப்பினம்?"

நான் தமிழில் சொன்னதும் றெஜினா முந்தானை இல்லாமல் கையாலேயே முகத்தைத் துடைத்தாள். "உறைப்பாமோ! ஒரு மிளகாய்கூடப் போடுறேல்லை" என்றாள்.

சாந்த்ரோவைக் கூப்பிட்டோம். மத்தியானம் வந்தான். நான் சொன்னேன், றெஜினா மொழிபெயர்த்தாள். அவன் கடைசிவரை கேட்டான். பிறகு சத்தம் போடாமல் கேட்டான்:

"சனிக்கிழமை ஒன்று சொன்னீர்கள். இன்று வேறொன்று. இவர் இங்கே இருந்தால் உங்கள் தங்கைக்கு வேலை இருக்கும். சொல்வது நீங்கள், மொழிபெயர்ப்பது அவள். நான் எதை நம்புவது?"

எழும்பிக் கத்த வாய் திறந்தேன். ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. அவனுடைய இடத்தில் இருந்திருந்தால் நான் அதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன். புத்தகத்தைக் காட்டினாலும் அவனுக்கு வாசிக்கத் தெரியாது. றெஜினா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டில் பக்கத்தில் கோப்பை ஒன்று தட்டில் இடித்த சத்தம் கேட்டது.

சிமின் கோப்பையை வைத்துவிட்டு, நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. சாந்த்ரோவைப் பார்த்தார்.

"நெமிரம்" என்றார். "சாந்த்ரோ. நெமிரம்."

போகமாட்டேன். புத்தகத்தில் 'நெமிரவம்' என்று இருக்கும். நான் மொழிபெயர்க்க வாய் திறந்தேன். சாந்த்ரோ கையைத் தூக்கி என்னை நிறுத்தினான்.

"தெரியும்" என்றான்.

அவன் கட்டில் நுனியில் உட்கார்ந்தான். பிறகு இத்தாலியில் சொன்னான், றெஜினா எனக்குச் சொன்னாள். சின்ன வயதில் ஒவ்வொரு கோடையும் பெரியப்பா இவரை மலைவீட்டுக்குப் புறப்படச் சொல்லுவாராம். சமையலறைக்குள் நின்று இவர் 'நெமிரம், நெமிரம்' என்று கத்துவாராம். குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் மேசைக்குக் கீழே இருந்து அதைச் சொல்லிச் சொல்லி விளையாடுவார்களாம். பாடசாலைக்கு, குளிக்க, மருந்து குடிக்க, எல்லாவற்றுக்கும் நெமிரம். அவனுக்குத் தெரிந்த ஒரே பாரசீகச் சொல் அது. அவர் வாயிலிருந்து அதைக் கேட்டு எத்தனையோ வருடம்.

"அந்த மலைவீட்டுக்கு ஒரு கோடையும் அவர் போனதில்லை" என்றான். சிரித்தான். கண்ணையும் துடைத்தான். பிறகு எழும்பி மற்ற அறைக்குப் போய், இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து இடம் வேண்டாம் என்று சொன்னான். அது எங்களுக்குக் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ, சத்தமாகவே சொன்னான்.

அன்று பின்னேரம் எனக்கு ரயில். றெஜினா பாணுக்குள் நேற்றைய கணவாயை வைத்துக் கட்டித் தந்தாள். உப்பு அப்படியேதான் இருந்தது. சிமினிடம் விடைபெறப் போனேன். மந்தரின் தோலை ஒற்றைக் கையால் உரித்துக்கொண்டிருந்தார். உதவி செய்யப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெஹ்ரூஸ் முகாம் வாசலில் நிற்கிற மாதிரி அறைவாசலில் நின்றேன். அந்தச் சொற்களை நான் சொல்லி வருடக்கணக்காகிவிட்டது. சொல்ல ஆளும் இருக்கவில்லை.

"காரி நதாரி?"

எல்லா ஈரான்காரரும் 'இல்லை' என்றுதான் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு போகலாம்.

"தாரம்", இருக்கு, என்றார் சிமின். பக்கத்துக் கதிரையைக் கண்ணால் காட்டினார். "இரு. இன்னும் கொஞ்சம் கதை."

பையைக் கீழே வைத்தேன்.